பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் குழு: எழுவரும் அவர்தம் இசைப் பயிற்சியும்

பால் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் பேண்ட், சிகாகோ நகரின் வடபகுதியில் ‘பிக் ஜான்ஸ்’ என்ற மதுக்கூடத்தில் 1963இல் வாடிக்கையாக வாசிக்கத் தொடங்கிய குழு. அன்றைய சிகாகோவில் ப்ளூஸின் வீடு தென்பகுதியும் மேற்குப்பகுதியும்தான். மிசிசிப்பிப் பருத்திக் காடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் மின்கிதாரும் ஒலிபெருக்கியும் சேர்த்து அங்கே அந்த இசையை வளர்த்திருந்தார்கள். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், லிட்டில் வால்டர் ஆகியோர் அதன் பெரிய வித்வான்கள். பட்டர்ஃபீல்ட் குழுவைப் பற்றி எழுதுவோர், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்ந்ததையே முதலில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய செய்திதான். ஆனால் குழுவின் ஓசையைப் புரிந்துகொள்ள, யார் எங்கே, யாரிடம் கற்றார்கள் என்று பார்ப்பதே உதவும்.

தலைவர் பால் பட்டர்ஃபீல்ட் 1942இல் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், தாய் ஓவியர். சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹைட் பார்க்கில் வளர்ந்தார். சிறுவயதில் அவர் கையில் இருந்தது புல்லாங்குழல். சிகாகோ சிம்பொனியின் குழல் கலைஞர் வால்ஃப்ரிட் குஜாலாவிடம் முறையாகப் பாடம் கேட்டார். பதின்ம வயதில் நண்பர் நிக் கிரேவனைட்ஸுடன் தென்பகுதி மதுக்கூடங்களுக்குப் போகத் தொடங்கியதும் மவுத் ஆர்கனுக்கு மாறினார். வாத்தியத்தைத் தலைகீழாக, தாழ்ந்த ஸ்வரங்கள் வலப்பக்கம் வரும்படி பிடிப்பது அவர் வழக்கம். ப்ளூஸ்காரர்கள் பலரையும்போல, வாத்தியம் எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டதோ அதிலிருந்து பஞ்சமம் தள்ளி ஆதாரத்தை வைத்துக்கொண்டு வாசித்தார். காற்றை உள்ளிழுக்கும்போது ஸ்வரத்தை வளைக்க அதுவே வசதி. பல ஸ்வரங்களைச் சேர்த்து ஊதுவதைவிட ஒற்றை ஸ்வரங்களைக் கோத்து நீளமான வரிகளாக வாசிப்பதில்தான் அவருக்கு நாட்டம். குழல் பயிற்சியின் சுவடு அதில் இருப்பதாகக் கொள்வதில் தவறில்லை.

கிதார் வாசித்த எல்வின் பிஷப் அயோவா மாநிலப் பண்ணையிலும் பின்னர் ஓக்லஹோமாவின் டல்சாவிலும் வளர்ந்தவர். ப்ளூஸ் அவருக்கு வானொலி வழியாக வந்தது. 1960இல் உதவித்தொகை பெற்று இயற்பியல் படிக்கச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்பு பின்னால் போனது. ஹவ்லின் வுல்ஃபிடம் வாசித்திருந்த லிட்டில் ஸ்மோக்கி ஸ்மதர்ஸ் அவருக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பள்ளியும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்து, கேட்டு, திரும்ப வாசித்துப் பழகியதுதான்.

குழுவின் அஸ்திவாரம் ஜெரோம் ஆர்னால்டும் சாம் லேயும். இருவருமே ஹவ்லின் வுல்ஃபின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லிப் பட்டர்ஃபீல்ட் அவர்களை அழைத்துக்கொண்டார். பேஸ் கிதார் வாசித்த ஆர்னால்ட் சிகாகோவிலேயே பிறந்தவர். மவுத் ஆர்கன் கலைஞர் பில்லி பாய் ஆர்னால்டின் சகோதரர். சாம் லே அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1935இல் பிறந்தார். கிளீவ்லாண்டில் வாசித்துவிட்டுச் சிகாகோ வந்து முதலில் லிட்டில் வால்டருக்கும் பிறகு வுல்ஃபுக்கும் டிரம்ஸ் வாசித்தார். ப்ளூஸ் தாளத்தின் உயிரான ‘ஷஃபிள்’, திஸ்ர நடையில் நடு அட்சரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை அடிப்பதுபோல் நடக்கும். சாதாரணமாக ஒரு கை அதைத் தாங்கும். லே இரு கைகளாலும் அதையே அடித்தார்; ‘இரட்டை ஷஃபிள்’ என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த நடை, ஊர்த் தேவாலயத்தில் வழிபாட்டின்போது துரிதகாலத்தில் தட்டும் கைத்தட்டலிலிருந்து எடுத்தது. குழுவின் வரலாற்றில் கிதார்காரர்களுக்கே பக்கங்கள் அதிகம். ஆயினும் 1965 அக்டோபரில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்டால், பாட்டைத் தூக்கி நிறுத்துவது இந்த இருவர்தான் என்பது தெரியும்.

இன்னொரு கிதார்காரரான மைக் புளூம்ஃபீல்ட் அந்த இசைத்தட்டுக்குச் சற்று முன்புதான் சேர்ந்தார். 1943இல் பிறந்த அவர் உணவகச் சாமான்கள் தயாரித்த வசதியான யூதக் குடும்பத்தின் பிள்ளை. இடக்கைப் பழக்கம் உள்ளவர். கிதாரை மட்டும் வலக்கைக்காரராகவே வாசித்தார். பதின்ம வயதிலேயே தென்பகுதி மதுக்கூடங்களில் மேடையேறினார். மறக்கப்பட்டிருந்த பழைய பாடகர்களைத் தேடிப்பிடித்துக் கச்சேரி வைத்தார். ப்ளூஸ் பாடகர் பிக் ஜோ வில்லியம்ஸுடன் ஊர் சுற்றிய அனுபவத்தைப் பின்னாளில் சிறு நூலாகவும் எழுதினார். 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் முதன்முறையாக மின்வாத்தியங்களோடு பாடியபோது உடன் வாசித்தவர்களில் புளூம்ஃபீல்ட், ஆர்னால்ட், லே மூவரும் இருந்தார்கள்.

ஆர்கன் வாசித்த மார்க் நாஃப்டலின் மினியாபொலிஸ் மேயரின் மகன். சிகாகோ பல்கலைக்கழகப் பட்டதாரி. நியூயார்க்கின் மேன்ஸ் இசைக் கல்லூரியில் பயின்றவர். முதல் இசைத்தட்டின் ஒலிப்பதிவுக்கு வந்து ஆர்கனில் கைவைத்தவர் அப்படியே குழுவில் சேர்ந்துவிட்டார்.

1965 இறுதியில் சாம் லே நோய்வாய்ப்பட்டதும் பில்லி டேவன்போர்ட் வந்தார். அவர் ஜாஸ் வழி டிரம்ஸ் கலைஞர். இந்த ஒரு மாற்றம் குழுவின் திசையையே திருப்பியது. ப்ளூஸ் பாட்டு என்பது பெரும்பாலும் 12 ஆவர்த்தனச் சுழற்சி. மூன்று ஸ்வரக்கூட்டுகள் அதில் முறைவைத்து வந்துபோகும். 1966இல் வெளியான ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ இசைத்தட்டின் தலைப்பு உருப்படியில் இந்தச் சுழற்சியே இல்லை. 13 நிமிடங்கள் ஓடும் அதில் பேஸ் கிதார் ஒரே ஆதார ஸ்வரத்தைத் தம்புராவைப்போல் பற்றிக்கொண்டு நிற்க, கிதார்களும் மவுத் ஆர்கனும் முறைவைத்துக் கற்பனையை விரிக்கின்றன. சிதார் கலைஞர் ரவிசங்கரையும் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் புளூம்ஃபீல்ட் விரும்பிக் கேட்டதன் விளைவு அது. அதை ராகம் என்று பாராட்டியவர்கள் உண்டு. நம் செவிக்கு அது கொஞ்சம் தாராளமான பாராட்டு: பகுதிக்குப் பகுதி ஸ்வர அமைப்பு மாறுகிறது, ஒரு ராகத்தின் பிடிப்பும் சஞ்சாரமும் அங்கே இல்லை. நிலைத்த ஆதாரத்தின்மேல் படிப்படியாக எழுப்பி உச்சத்துக்குப் போகும் முறையைத்தான் அவர்கள் இந்திய இசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த நீளத்துக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் ஈடுகொடுக்க டேவன்போர்டின் ஜாஸ் கை தேவைப்பட்டது. லேயின் ஷஃபிள் வேறு வேலைக்கானது.

1967இல் புளூம்ஃபீல்ட் விலகி ‘எலெக்ட்ரிக் ஃபிளாக்’ குழுவைத் தொடங்கினார். முதன்மைக் கிதார் பிஷப்பிடம் வந்தது. அடுத்த இசைத்தட்டில் ஊதுவாத்தியங்கள் சேர்ந்தன. சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்துக்குப் பின் மூச்சுப் பயிற்சிக்காகச் சாக்ஸஃபோன் எடுத்த டேவிட் சான்பார்ன் இந்தக் கட்டத்தில் வந்தவர். அதன்பின் ஒவ்வொருவராகப் பழைய ஆட்கள் பிரிந்தார்கள். 1971இல் குழு கலைந்தது. புளூம்ஃபீல்ட் 1981இலும் பட்டர்ஃபீல்ட் 1987இலும் மறைந்தனர். 2015இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் இக்குழுவைச் சேர்த்துக்கொண்டபோது பட்டர்ஃபீல்ட், புளூம்ஃபீல்ட், பிஷப், நாஃப்டலின், ஆர்னால்ட் ஆகியோருடன் லே, டேவன்போர்ட் என்ற இரண்டு டிரம்ஸ் கலைஞர்களின் பெயர்களும் இடம்பெற்றன.