சட்டைப் பைக்குள் ஒரு ரயில்: மவுத் ஆர்கனின் கதை

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய இசைக்கருவி எது என்று கேட்டால் மவுத் ஆர்கன் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஹார்மோனிகா என்பது அதன் முறையான பெயர். 'ஷோலே' (1975) படத்தில் அமிதாப் பச்சன் இருட்டும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து வாசிப்பாரே, அதே கருவிதான். நம்மில் பலருக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான். ஆனால் அமெரிக்கக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறையினருக்கு வாழ்க்கையில் கையில் கிடைத்த முதல் இசைக்கருவி அதுதான். அவர்களில் பலர் முதுமையிலும் அதை விடவில்லை. ஆண்டுதோறும் ஓர் ஊரில் கூடி வாசிப்பார்கள். கூடினால் பேச்சு தானாகவே சிறுவயதுக்கும் பண்ணை வீட்டுக்கும் போய்விடும்.

ஒரு சின்னக் கருவிக்கும் கிராமத்து நினைவுகளுக்கும் இப்படி ஒரு பிணைப்பு எப்படி வந்தது? விடை அந்தக் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

கடிகாரக்காரரின் தொழில்

தெற்கு ஜெர்மனியில் கறுப்புக் காடு என்னும் மலைப்பகுதிக்கு அருகே டிராசிங்கன் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே குளிர்காலம் நீளமானது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் மக்கள் கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். அந்த ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர் மத்தியாஸ் ஹோனர் (1833-1902). அவர் 1857-இல் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் 650 கருவிகள்தான் செய்ய முடிந்தது.

பிறகு தொழில் வேகமாக வளர்ந்தது. இயந்திரங்கள் வந்தன. ஆனாலும் ஊரில் பல குடும்பங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து உதிரி வேலைகளைச் செய்து கொடுத்தன. 1887 வாக்கில் உற்பத்தி ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. வேலை தேடி அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள்தான் முதலில் அதை அங்கே கொண்டு சேர்த்தார்கள்.

அமெரிக்கக் கிராமங்களில் அது பரவியதற்குக் காரணம் விலைதான். ஃபிடில் வாங்கப் பணம் வேண்டும், கற்றுத்தர ஆள் வேண்டும். மவுத் ஆர்கனுக்கு இரண்டும் தேவையில்லை. ஊர்க் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கடை இல்லாத ஊரில் சியர்ஸ் போன்ற கம்பெனிகளின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தபாலில் வரவழைக்கலாம். பருத்திக் காட்டிலோ மாட்டுத் தொழுவத்திலோ வேலை செய்கிற பையன் பையில் வைத்திருந்து நேரம் கிடைத்தபோது வாசிக்கலாம். இப்படி, குளிர்காலத்து ஏழைக் குடும்பங்கள் செய்த கருவி, கடல் கடந்து இன்னொரு நாட்டு ஏழைக் குடும்பங்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இல்லாத ஸ்வரங்கள்

சாதாரண மவுத் ஆர்கனில் பத்துத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு பித்தளை ரீடுகள். ஒன்று ஊதும்போது ஒலிக்கும், மற்றொன்று மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலிக்கும். எந்தத் துளையில் ஊதினாலும் ச, க, ப என்ற மூன்றில் ஒன்றுதான் வரும். மற்ற ஸ்வரங்கள் மூச்சை இழுக்கும்போது வரும். ஜெர்மானிய நாட்டுப் பாடல்களைத் துணை நாதத்தோடு சேர்த்து வாசிக்க வசதியாக இந்த அமைப்பு ஏற்பட்டது. இதில் ஒரு குறை உண்டு. கீழ் ஸ்தாயியில் 'ம', 'த' இரண்டும் கிடையாது. மேல் ஸ்தாயியில் 'நி' கிடையாது.

இந்தக் குறையை வைத்தே ஒரு புதிய இசையை உண்டாக்கியவர்கள் அமெரிக்காவின் தென்மாநிலக் கறுப்பின மக்கள். நாக்கின் நிலையையும் மூச்சின் போக்கையும் மாற்றி இழுத்தால் ஸ்வரம் கீழ்நோக்கி வளையும் என்று கண்டார்கள். இரண்டாம் துளையை வளைத்தால் இல்லாத 'ம' வரும். மூன்றாம் துளையை வளைத்தால் 'த' வரும். 'ப' என்ற ஸ்வரத்தையே 'ச' ஆக வைத்துக்கொண்டு வாசித்தால் கருவி அழுவது போல ஒலிக்கும். டிராசிங்கனில் யாரும் நினைத்துப் பார்க்காத வாசிப்பு முறை இது. ப்ளூஸ் இசையில் மவுத் ஆர்கனுக்குத் தனி இடம் கிடைத்தது இதனால்தான்.

பாலத்தடியில் கேட்ட ரயில்

டிஃபோர்டு பெய்லி 1899-இல் டென்னஸி மாநிலத்தின் ஸ்மித் மாவட்டத்தில் பிறந்த கறுப்பினச் சிறுவன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. ஏறக்குறைய ஓராண்டு படுத்த படுக்கை. அப்போது கையில் இருந்த ஒரே துணை மவுத் ஆர்கன். வெளியே கேட்கும் ஒலிகளைப் படுத்தபடியே அதில் வாசித்துப் பழகினான். கோழி, வேட்டை நாய், தூரத்தில் போகும் ரயில் எல்லாம் அதில் வந்தன. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு ரயில் பாலம். அதன் அடியில் நின்று, தலைக்கு மேலே ரயில் போகும் ஒலியைக் கேட்டு, அதை வாசித்துக்கொண்டே நடப்பான்.

ரயிலை எப்படி வாசிப்பது? கீழ்த் துளைகளில் இரண்டு முறை இழுத்து, இரண்டு முறை ஊதினால் சக்கரத்தின் தாளம் கிடைக்கும். மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்ட வேண்டும். நடுவில் இரண்டு துளைகளைச் சேர்த்து இழுத்து வளைத்து, மூடிய கைகளைத் திறந்தால் ஊதல் ஒலி வந்துவிடும்.

இந்த வாசிப்புதான் பெய்லியை நாஷ்வில் நகரின் வானொலிக்குக் கொண்டுபோனது. 1927 டிசம்பரில் ஒரு நாள் அவர் வாசித்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' முடிந்தவுடன்தான் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே அந்த நிகழ்ச்சிக்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் சூட்டினார். அமெரிக்க நாட்டுப்புற இசையின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. ஆனால் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோது உடன் வந்த வெள்ளையர்களுக்குக் கிடைத்த ஓட்டலும் சாப்பாடும் பெய்லிக்குப் பல இடங்களில் மறுக்கப்பட்டன. 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் இறந்தார். நாட்டுப்புற இசையின் புகழரங்கில் அவருக்கு இடம் தரப்பட்டது 2005-இல்தான்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1911-இல் பிறந்த சானி டெர்ரியின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. தந்தை விவசாயி, மவுத் ஆர்கன் வாசிப்பவர். பதினாறு வயதுக்குள் இரண்டு விபத்துகளில் டெர்ரியின் பார்வை போனது. வயல் வேலை செய்ய முடியாத நிலையில் இசையே பிழைப்பானது. அவரும் ரயிலையும் நரி வேட்டையையும் வாசித்தார். 1938-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கம் வரை அந்த ஒலி போனது.

'இது கருவியே அல்ல'

மவுத் ஆர்கனை எல்லோரும் மதித்துவிடவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் 1940களின் பிற்பகுதி வரை அதை இசைக்கருவியாகவே ஏற்கவில்லை. பொம்மை என்றுதான் கருதியது. இத்தனைக்கும் 1920களில் பிலடெல்பியாவில் ஆல்பர்ட் ஹாக்ஸி சிறுவர்களை வைத்துப் பெரிய ஹார்மோனிகா வாத்தியக் குழு நடத்தினார். பேண்டு இசையின் மன்னரான ஜான் பிலிப் சூசா 1930-இல் அந்தக் குழுவுக்காகவே ஓர் இசை அமைத்துக் கொடுத்தார். 1947-இல் 'ஹார்மோனிகேட்ஸ்' என்ற மூவர் குழுவின் 'பெக் ஓ மை ஹார்ட்' இசைத்தட்டு விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. பொம்மை என்ற வாதம் அதன்பிறகு எடுபடவில்லை.

ஆனால் மின்சார கிட்டாரின் காலம் வந்ததும் ஹார்மோனிகா குழுக்கள் மங்கிப்போயின.

கூடிவாழும் கிழவர்கள்

அந்த நிலையில்தான் 1963-இல் டெட்ராய்ட் பகுதி ஆர்வலர்கள் சேர்ந்து ஹார்மோனிகாவைப் பாதுகாக்கவும் வளர்க்கவும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் 'ஸ்பா'. சங்கத்தின் பெயரிலேயே 'பாதுகாப்பு' என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அழிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால்தான் அப்படிப் பெயர் வைப்பார்கள்.

பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்தில், ஆண்டுக்கு ஓர் ஊராக, இந்தச் சங்கத்தின் மாநாடு நடந்துவருகிறது. பகலில் பாடம், ரீடு பழுது பார்ப்பது, பழைய கருவிகள் விற்பனை. இரவில் மேடைக் கச்சேரி. கச்சேரி முடிந்தபிறகு ஓட்டல் கூடத்தில் ஆங்காங்கே வட்டமாக நின்று நள்ளிரவு தாண்டியும் வாசிப்பார்கள். ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள கார்டு ஹார்மோனிகாவை அங்கே நேரில் பார்க்கலாம். இளைஞர்களும் வருகிறார்கள். 1970 வாக்கில் ஹோவர்டு லெவி கண்டுபிடித்த 'ஓவர்புளோ' முறையில், ஊதியே விடுபட்ட ஸ்வரங்களை எடுத்து, பத்துத் துளையில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் வாசிக்கிறார்கள்.

ஆனாலும் யாராவது ஒரு முதியவர் ரயிலை வாசிக்கத் தொடங்கினால் வட்டத்தில் உள்ளவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெய்லியின் பாட்டுக்குப் பெயர் தந்த 'பான் அமெரிக்கன்' ரயில் 1971-இல் நிறுத்தப்பட்டது. நீராவி எஞ்சின்கள் அதற்கு முன்பே போய்விட்டன. ஒரு கிராமத்தின் ஒலியை எழுதிவைக்க முடியாது. கேட்டவர் வாசித்துக் காட்ட வேண்டும், இன்னொருவர் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த முதியவர்கள் ஆண்டுதோறும் கூடியது அதற்காகத்தான். பாலத்தடியில் நின்ற சிறுவன் கேட்ட ரயில் அவர்களுடைய சட்டைப் பையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.