கேம் ஆடும்போது லேப்டாப் கொதிக்குதா? கோடையில் கேமிங் லேப்டாப்பை காப்பாற்றும் வழிகள்!

இஎம்ஐ போட்டு வாங்கிய கேமிங் லேப்டாப். ஜிடிஏ, வேலரன்ட் என்று ஆடத் தொடங்கி 20 நிமிடம்தான் ஆகியிருக்கும். ஃபேன் ஜெட் விமானம் மாதிரி கத்துது, கீபோர்டில் கை வைக்க முடியல, நன்றாக ஓடிய கேம் திடீரென்று திக்கித் திக்கி நிற்கிறது. பலர் இதை கிராபிக்ஸ் கார்டு பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் சூடுதான்.

ஏன் கேம் திடீரென ஸ்லோ ஆகிறது?

ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் உருவாக்கும் வெப்பத்தை செம்புக் குழாய்கள் ஓரத்துக்குக் கடத்துகின்றன. அங்கிருக்கும் ஃபேன் அதை வெளியே தள்ளுகிறது. இந்த வேகம் போதாதபோது, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதைத்தான் 'தெர்மல் த்ராட்லிங்' என்கிறார்கள். அதையும் மீறி சூடு ஏறினால் லேப்டாப் பட்டென்று ஆஃப் ஆகிவிடும்.

ஃபேன் அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. 25 டிகிரி ஏசி அறையில் 85 டிகிரியில் ஓடும் சிப், அதே வேலையை 37 டிகிரி அறையில் செய்தால் கிட்டத்தட்ட 97 டிகிரியைத் தொடும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் லேப்டாப் தகராறு செய்வதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு சூடு வரை ஓகே?

கேம் ஆடும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது சாதாரணம்தான், பயப்பட வேண்டாம். ப்ராசஸர் தொடர்ந்து 95 டிகிரிக்கு மேலேயே நின்றால் கவனிக்க வேண்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை தெரியும். ப்ராசஸரின் வெப்பநிலையைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் உதவும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை

* மெத்தை, தலையணை, மடி வேண்டாம். அடிப்பக்கத் துளைகள் அடைபட்டால் காற்றே உள்ளே போகாது. மேஜைதான் சரி.

* பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்துங்க. இரண்டு பெரிய ரப்பர் துண்டுகள் போதும். சூடான காற்று வெளியேறும் பக்கத்தை சுவரோடு ஒட்டி வைக்காதீங்க.

* ஃப்ரேம் ரேட்டுக்கு வரம்பு வையுங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில் 150 ஃப்ரேம் ஓடினாலும் திரை காட்டுவது 60 தான். மீதிக்கு சிப் வீணாக உழைக்கிறது. கேம் செட்டிங்ஸிலேயே இதைக் குறைக்கலாம்.

* விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' இருந்தால் 100-ஐ 99 ஆக்கிப் பாருங்க. பல லேப்டாப்களில் டர்போ வேகம் நின்று, சூடு நன்றாகவே இறங்கும். வேகமும் கொஞ்சம் குறையும்.

* பின்னணியில் ஓடும் பிரவுசர் டேப்கள், டவுன்லோடுகளை மூடிவிடுங்க.

தூசி என்னும் எதிரி

ஃபேன் அருகே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே தூசி படிந்தால், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. லேப்டாப்பை ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, காற்று ஸ்ப்ரேயால் விட்டு விட்டு ஊதலாம். ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்வது நல்லது.

சிப்புக்கு மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். தூசி தட்டியும் சூடு குறையாவிட்டால் அதை மாற்ற வேண்டியிருக்கலாம். சில கேமிங் மாடல்களில் பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். சிந்தினால் போர்டே போய்விடும். வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்க.

கூலிங் பேட் வாங்கலாமா?

சில டிகிரி குறையும், அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் துளைகள் உள்ள மாடல்களுக்கு ஓரளவு பலன் உண்டு. உள்ளே தூசி அடைத்திருந்தால் கூலிங் பேடால் அதைச் சரிசெய்ய முடியாது.

இதை மட்டும் செய்யவே கூடாது

சூடான லேப்டாப்பை ஃபிரிட்ஜில் வைப்பது, ஈரத்துணி போடுவது, அடியில் ஐஸ் வைப்பது எல்லாம் ஆபத்து. குளிர்ந்த பாகத்தில் ஈரம் கோத்து ஷார்ட் ஆகிவிடும்.

பேட்டரி உப்பினால் உஷார்!

தொடர் சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். எப்போதும் சார்ஜரில் வைத்தே ஆடுபவர்கள், லேப்டாப்போடு வரும் செயலியில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைக்கலாம்.

டச்பேட் மேலே தூக்கி நிற்கிறதா? அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்க. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. 'இன்னும் ஒரு மேட்ச்' என்று தொடராமல் நேராக சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்வதே பாதுகாப்பு.