யஹ்யா – இறைவன் சூட்டிய பெயர்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பெயர் சூட்ட நம்மை நாடி வரும் பெற்றோர் பலர், "ஹஜ்ரத், இதுவரை யாரும் வைக்காத பெயராகச் சொல்லுங்கள்" என்கின்றனர். பொருளைக் கேட்போர் சிலரே. அவ்வாறு வந்த ஓர் இளைஞரிடம் அவருடைய பாட்டனாரின் பெயரை வினவினோம். "எஹியா, அது பழைய பெயராயிற்றே" என்று தயங்கினார். யாரும் வைக்காத பெயராக முதன்முதலில் வந்ததே அப்பெயர்தான் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை.

முதுமையில் வாரிசு வேண்டி இறைஞ்சிய ஸக்கரிய்யா (அலை) அவர்களுக்கு, மகன் பிறக்கும் நற்செய்தியோடு ‘யஹ்யா’ என்னும் பெயரும் இறைவனிடமிருந்தே வந்தது. அதற்கு முன் அப்பெயருடையோர் எவருமிலர் என்று மர்யம் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் அறிவிக்கின்றது. ‘அவருக்கு நிகரானவர் இலர்’ என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்களும் உளர்.

அரபியில் ‘யஹ்யா’ என்பதற்கு ‘அவர் வாழ்கிறார்’ என்பது பொருள். நாம் அன்றாடம் வழங்கும் ‘ஹயாத்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

இந்நபியைக் கிறித்தவர்கள் யோவான் என்பர். ஹீப்ருவில் ‘யோஹனான்’, அதாவது ‘இறைவன் அருள் புரிந்தான்’. அதுவே லத்தீனில் யோஹன்னஸ், ஸ்பானிய மொழியில் ஹுவான், ரஷ்ய மொழியில் இவான், ஆங்கிலத்தில் ஜான் என்றாயிற்று. தமிழகக் கத்தோலிக்கரோ பொருளையே தமிழாக்கி ‘அருளப்பன்’ என்றனர்.

இங்கே வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. யஹ்யா (அலை) அவர்களுக்குத் தன்னிடமிருந்து ‘ஹனான்’, அதாவது பரிவு, வழங்கியதாக அதே அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தில் இறைவன் கூறுகின்றான். குர்ஆனில் வேறெங்கும் வாராத இச்சொல், ஹீப்ருப் பெயரிலுள்ள ‘ஹனான்’ என்பதோடு ஒரே வேருடையது. ஒரு மொழியில் உயிர், மறுமொழியில் அருள். இரண்டும் அவரிடத்தில் ஒன்று கூடின.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் இயற்பெயரும் யஹ்யாவே. ஹிஜ்ரி 631-இல் சிரியாவின் நவா என்னும் ஊரில் பிறந்து, 676-இல் மறைந்தார்கள். மணம் புரியவில்லை, மக்கட்பேறு இல்லை. ஆயினும் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ ஓதப்படும் பள்ளிகள் தோறும் அவர்கள் இன்றும் வாழ்கின்றார்கள்.

மறுமையில் நம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம். ஆகவே அழகிய பெயர்களைச் சூட்டுங்கள் என்னும் கருத்திலமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எனவே, புதுமையைத் தேடுமுன் பொருளைத் தேடுவோம். நம் முன்னோரின் பெயர்களை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அழகிய பெயரும் அதற்கேற்ற வாழ்வும் நம் மக்களுக்கு வாய்க்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.