அதிருமலை முகாமும் ஒரு பிடிப் பழமும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறும் அரசுப் பேருந்து போனக்காட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். அகத்தியர்கூடம் செல்வோருக்கு இவ்வூர் ஒரு தொடக்கப் புள்ளி. இணையத்தில் உலவுவோருக்கோ இங்குள்ள பழைய தோட்டப் பங்களா ஒன்றின் பேய்க்கதைதான் போனக்காடு. பங்களாவைக் காண வருவோர் அருகிலுள்ள லயங்களைக் கண்டுகொள்வதில்லை. தோட்டம் நலிந்து, தேயிலைத் தொழிற்சாலை செயலிழந்த பின்னும் அந்த லயங்களில் மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் தமிழ் வழியினர் பலர். பழைய ஆங்கில ஆவணங்கள் இவ்வூரைப் ‘பான் அக்கார்ட்’ என எழுதும். அது நல்லிணக்கம் எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து இலச்சினைச் சொல்லும் அதுவே. கூலி முடங்கிய தோட்டமொன்றுக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை வரலாற்றின் குறும்பு என்றுதான் கொள்ள வேண்டும்.

முதன்முறை அங்குச் சென்றபோது, லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை அழைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார். “மேல ஏறப் போறவுங்க வெறும் வயித்தோட போகக் கூடாது தம்பி” என்றார். பணத்தை நீட்டியபோது முகம் திருப்பிக்கொண்டார். ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஆயினும் இப்பதிவின் வினா அந்தத் திண்ணையில்தான் தோன்றியது. வழியிலும் முகாமிலும் முன்பின் அறியாதார் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்கு வரலாறு உண்டா? உண்டெனில் அதை எந்த ஆவணத்தில் தேடுவது?

அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம் உடையது. கேரள–தமிழக எல்லையில் நிற்பது. தமிழர்க்கு அது பொதிகை, தாமிரபரணியின் தாய்மடி. கேரள வனத்துறை ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பருவத்தில் எண்ணிக்கை வரையறையோடு பயணிகளை அனுமதிக்கிறது. போனக்காட்டில் நடையைத் தொடங்கினால் மாலைக்குள் அதிருமலை முகாமை அடையலாம். ‘அதிர்’ என்பது எல்லையைக் குறிக்கும் மலையாளச் சொல். இரவு அங்கே தங்கி மறுநாள் உச்சிக்கு ஏறுவர். வழிகாட்டிகள் பெரும்பாலும் காணிப் பழங்குடியினர். வழிவழி வந்த நில உரிமையைத் தமிழில் ‘காணி’ என்கிறோம். அப்பெயரே அவர்தம் குலப்பெயராய் இருக்க, அந்த நிலத்தின்மேல் அவர்களுக்குள்ள உரிமையோ வனச்சட்டங்களின் தயவில் கிடக்கிறது.

இம்மலையில் நடந்த முகாம்களுள் எழுத்தில் நன்கு பதிவானவற்றுள் ஒன்று ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலாளருடையது. சுவாதித் திருநாள் 1837ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வகத்தின் பொறுப்பை 1852இல் ஏற்ற பிரவுன், 1855இல் அகத்தியமலையின் மேலே, ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், காந்தப்புல ஆய்வுக்கும் வானிலை ஆய்வுக்கும் ஒரு கிளை நிலையம் அமைத்தார். சாலை இல்லாத காட்டினூடே காந்தமானிகளும் காற்றழுத்தமானிகளும் மேலே போய்ச் சேர்ந்தன. அங்கு எடுத்த அளவீடுகள் பின்னர் 1874இல் நூலாகவும் வெளிவந்தன. எந்த மணியில் காந்தமுள் எத்துணை விலகியது என்பதை இன்றும் நாம் அறியலாம். அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர் எவர், இரவில் தீ மூட்டிக் காவலிருந்தவர் எவர் என்பதை அந்த அட்டவணைகளில் காண முடியாது. கூலிக்குச் செய்தார்களா, ஆணைக்கு அஞ்சிச் செய்தார்களா, குளிரில் நடுங்கியவனைக் கண்டு மனமிரங்கிச் செய்தார்களா என்பதும் அவற்றில் இல்லை. உதவியைப் பதிவுசெய்யும் பழக்கம் அன்றைய முகாம் ஆவணங்களுக்குக் கிடையாது.

பெயரோடு பதிவாகிய முதன்மையான நிகழ்வுக்கு 1987 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியுள்ளது.

அகில இந்திய இனவாழ்வியல் ஒருங்கிணைந்த ஆய்வுத்திட்டத்தின் குழுவொன்று, பி. புஷ்பாங்கதன் தலைமையில், அகத்தியமலைக் காடுகளில் களப்பணி செய்துகொண்டிருந்தது. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி முதலியோர் வழிகாட்டிகள். ஏற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்தனர். வழிகாட்டிகளோ சுறுசுறுப்பாய் நடந்தனர். நடுநடுவே கரிய சிறு பழங்களை அவர்கள் மென்றுகொண்டிருந்தனர். களைத்தவர்களுக்கும் சில பழங்களைக் கொடுத்தனர். தின்றவர்கள் உடனே தெம்பு பெற்றதாகக் குழுவினர் பின்னர் எழுதினர். எளிய நிகழ்ச்சிதான். மலையேறிய எவரும் இதுபோன்றதொரு கணத்தை அறிவர். ஒருவர் பேரீச்சம்பழம் நீட்டுவார், மற்றொருவர் அட்டைக்கு உப்பு தருவார். பெயர் கேட்கும் முன்பே பிரிந்துவிடுவோம்.

அங்கே அவர்கள் பிரிந்துவிடவில்லை. பழம் எந்தச் செடியில் காய்ப்பது என்று அறிவியலாளர்கள் கேட்டனர். வழிகாட்டிகள் தயங்கினர். அது குலத்துக்குரிய அறிவு. வெளியாரிடம் சொல்லலாகாது என்பது அவர்கள் மரபு. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறப்பட்ட பிறகே செடியைக் காட்டினர். இன்று ஆரோக்கியப்பச்சை என அறியப்படும் அச்செடியின் அறிவியல் பெயர் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ்.

இந்நிகழ்வை எடுத்துரைப்போர் பழம் கொடுத்ததைப் போற்றுவர். தயக்கத்தை ஒரு வரியில் கடப்பர். எனக்குத் தயக்கமே முதன்மையான சான்றாகப் படுகிறது. பழத்தைக் கொடுக்கையில் அவர்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. களைத்தவனுக்குக் கொடுப்பது காட்டு வழக்கு. செடியைக் காட்டுவது வேறு செயல். அந்த அறிவு கொடுத்தவரின் தனியுடைமை அன்று. இறந்தோருக்கும் பிறக்கவிருப்போருக்கும் சேர்ந்த பொதுச்சொத்து. விருந்தோம்பலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மலைவாணரின் விருந்தோம்பலை விரித்துரைக்கும் மலைபடுகடாம் முதல் இன்றைய பயணக்கட்டுரை வரை, மலையில் வாழ்வோரை அள்ளிக்கொடுப்பவராகவே காண்பதில் நமக்கொரு சுகம் இருக்கிறது. மறுக்கும் உரிமையும் உடையவராய் அவர்களைக் காண நாம் பழகவில்லை.

பின்னர் நடந்தது பலரும் அறிந்த கதை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம், ஆரோக்கியப்பச்சையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் உற்பத்தி உரிமை 7 ஆண்டுகளுக்குக் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. பணத்தைப் பெற 1997இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் ஏறத்தாழ 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கை அடைந்தது. பல்லுயிர் உடன்படிக்கை 1992இல்தான் ரியோவில் கையெழுத்துக்கு வந்தது. அதன் பயன்பகிர்வுக் கொள்கை நடைமுறைக்கு வந்த உலகின் தொடக்ககால எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் ஜீவனியைக் குறிக்கின்றன. இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டமே 2002இல்தான் இயற்றப்பட்டது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தில் நிறுவனத்தார் செய்த பகிர்வு அது; அந்நேர்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் பாடநூல்கள் அதிகம் சொல்லாத பக்கம் ஒன்றுண்டு. 1995இலேயே காணிகளின் மருத்துவப் பூசாரிகளான பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். காணிக்குடியிருப்புகள் பல, பழம் கொடுத்தவர்கள் அவற்றுள் ஒரு பகுதியினர் மட்டுமே. இரண்டு மூன்று பேர் வழியில் காட்டிய பரிவுக்கு ஒரு சமூகம் முழுவதும் ஒப்புதல் அளித்ததாக எப்படிக் கொள்வது? இலை சேகரிப்பிலும் சிக்கல் எழுந்தது. வனத்துறை தடுத்தது. காட்டை விட்டு வெளியே வளர்த்தால் செடி தன் மருத்துவக் குணத்தைச் சரியாகக் காட்டுவதில்லை என்பதும் தெரியவந்தது. தன் முன்னோரின் செடியைத் தான் பறிக்கத் தன் காட்டிலேயே அனுமதி கேட்கும் நிலை காணிக்கு வாய்த்தது.

காணிகளின் வாய்மொழி மரபில் வெளியாருக்கு உதவிய நினைவு இதைவிடப் பழையது. எட்டுவீட்டில் பிள்ளைமாரிடமிருந்து தப்பிக் காட்டில் திரிந்த இளவரசர் மார்த்தாண்ட வர்மனுக்கு அவர்கள் அடைக்கலம் தந்தனர் என்பர். அந்நினைவாக ஓணத்தை ஒட்டி வனப்பொருள்களோடு கௌடியார் அரண்மனைக்குச் செல்லும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அரண்மனை புத்தாடையும் கைமாறும் அளிக்கிறது. இக்கதை வரலாற்று உண்மையா என்று வழக்காடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 18ஆம் நூற்றாண்டில் செய்ததாக நம்பப்படும் ஓர் உதவி, ஆண்டுக்கொரு முறை நேர்முகமாக நினைவூட்டப்படுகிறது என்பதே கவனத்துக்குரியது. அங்கே ஒப்பந்தம் இல்லை, காலவரம்பும் இல்லை. நேரில் சந்திப்பு இருக்கிறது. ஜீவனி ஒப்பந்தத்தில் விழுக்காடு இருந்தது. அத்தகைய சந்திப்பு இல்லை. முன்னதில் அரசன்–குடி என்ற ஏற்றத்தாழ்வு உறைந்திருப்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் எது நெடுங்காலம் நிலைத்தது என்று பாருங்கள்.

இந்த எல்லைச் சிக்கல் 2019 ஜனவரியில் வேறு வடிவில் போனக்காட்டுக்கே வந்தது. அகத்தியர்கூடம் ஏறப் பெண்களுக்குத் தடை கூடாது எனக் கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்பளித்திருந்தது. அதன்பின் முதற்பெண்ணாகத் தன்யா சனல் ஏறினார். மலையைத் தம் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதும் காணிகள் போனக்காட்டில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தனர், வழியை மறிக்கவில்லை. தீர்ப்பு சரி என்பதே என் நிலைப்பாடு. ஆனால் தம் சொல் கேட்கப்படாத இடத்திலும் வழியை மறிக்காமல் நின்றோரின் செயலை எந்தச் சொல்லால் குறிப்பது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சகிப்பு என்றால் குறைவாகவும், பரிவு என்றால் மிகையாகவும் படுகிறது.

சென்ற பருவத்தில் அதிருமலையில் தங்கிய இரவில் மழை பிடித்துக்கொண்டது. என் போர்வை நனைந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த கொல்லத்துக்காரர் ஒருவர் தம்முடையதில் பாதியை என் பக்கம் இழுத்துவிட்டார். விடியுமுன் அவர் உச்சிக்குக் கிளம்பிவிட்டார். பிற்பகல் இறங்குகையில் எங்கள் வழிகாட்டி புதரோரம் குனிந்து எதையோ பறித்து வாயில் இட்டுக்கொண்டார். என்னவென்று கேட்க நாவெழுந்தது, கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்கும் இரண்டு கொடுத்தார்.