காடு மூடிய பெருவழி

பாந்தவ்கர் என்றதும் புலிகளே நினைவிற்கு வரும். மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தில், சால மரமும் மூங்கிலும் செறிந்து கிடக்கும் அக்காடு 1968இல் தேசியப் பூங்காவாயிற்று. மனிதக் கை படாத தொல்வனம் என்றே காண்போர் அதனைக் கருதுவர். ஆனால் அங்குள்ள பாறைகள் வேறு கதை சொல்கின்றன.

அப்பாறைகளில் குடைந்த குகைகளையும் பிராமி எழுத்துகளையும் என். பி. சக்கரவர்த்தி 1938இல் ஆராய்ந்தார். பின்னர் 84 ஆண்டுகள் கழித்தே, 2022இல், இந்தியத் தொல்லியல் துறை ஏறத்தாழ 170 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் மீண்டும் கள ஆய்வு செய்தது. 26 குகைகள், 26 கோயில்கள், 2 மடங்கள், 24 பிராமிக் கல்வெட்டுகள், 46 சிற்பங்கள் பதிவாயின.

இவற்றுள் நெஞ்சை ஈர்ப்பவை கல்வெட்டுகளே. கி.பி. 2 முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலான அக்குகைகளில் பீமசேனன், போதசிரி, பட்டதேவன் என்னும் அரசர் பெயர்கள் வருகின்றன. ஆயினும் கொடையாளருள் வணிகர் பலர். யமுனைக் கரையிலுள்ள கௌசாம்பி, மதுரா ஆகிய நகரங்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அத்துணைத் தொலைவிலுள்ள ஊர்களின் பெயர் நடுக்காட்டுப் பாறையில் எப்படி ஏறிற்று? வணிகச் சாத்துகள் நடந்த வழி அது என்பதன்றி வேறு விடை தோன்றவில்லை. அன்றும் அங்கே காடு இருந்திருக்கலாம். வழியற்ற காடாக அது இருந்ததில்லை.

அடுத்து வந்தோர் களசூரியர். அவர்கள் காலத்துக் கோயில்களும், பாறையில் வடித்த மீன், ஆமை, பன்றி அவதாரங்களும், பள்ளிகொண்ட திருமாலும் மரநிழலில் உள்ளன. ஜௌன்பூர் சுல்தான்களின் நாணயங்களும் முகலாய நாணயங்களும் கிடைத்துள்ளன. 1597இல் அக்பரின் படை கோட்டையைக் கைப்பற்றியது. பின்னர்த் தலைநகர் ரீவாவிற்கு மாறிற்று. பாந்தவ்கர் அவ்வரசர்களின் வேட்டைக்காடாயிற்று. ஆள் நடமாட்டம் குறையக் குறையக் காடு கோட்டைமேலும் ஏறியது.

இங்கே ஓர் இக்கட்டு உண்டு. கோயிற் சுவரைப் பிளக்கும் வேரை அகற்ற வேண்டும் என்பர் தொல்லியலார். புலி வாழும் இடத்தில் மரத்தைத் தொடலாகாது என்பர் வனத்துறையினர். இரண்டும் நியாயமே. ஆயினும் உள்ளே எவரும் எளிதிற் புகவியலாமையால் அச்சிலைகள் திருட்டுக்குத் தப்பின என்பதையும் மறத்தற்கில்லை.

இராமன் தன் தம்பி இலக்குவனுக்கு அளித்த கோட்டை என்பது ஊரார் வழக்கு. பாந்தவ் என்பது உடன்பிறந்தானைக் குறிக்கும். கண்ணன் பிறந்த நாளில் மட்டும் அடியார்கள் மலையேறிக் கோட்டைக் கோயிலை வணங்க இசைவுண்டு. பள்ளிகொண்டானின் திருவடியருகே ஊறும் சரணகங்கையைக் கண்ட பின்னரே அவர்கள் மேலே நடப்பர்.