சோகப் பாடல் (தமிழ்த் திரையிசை)

இழப்பு, பிரிவு, காதல் தோல்வி, விரக்தி ஆகியவற்றைப் பாடும் தமிழ்த் திரைப்பாடல்கள் சோகப் பாடல்கள் எனப்படும். இசை இலக்கணத்தில் இப்படி ஒரு பிரிவு இல்லை. வானொலி நேயர்களும் ஒலிநாடாப் பதிவுக் கடைக்காரர்களும் புழங்கிப் புழங்கி நிலைபெற்ற பெயர் இது. படத்தில் ஒரு பாத்திரத்துக்காக எழுதப்பட்ட பாட்டு, ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லும்போதுதான் சோகப் பாடலாக முழு வாழ்வு பெறுகிறது.

வகைப்பாடு

தொல்காப்பியம் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகப் பகுக்கிறது. திரைப்பாடல்களைப் பிரிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பகுப்பு கிடையாது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். ‘பாகப்பிரிவினை’யில் (1959) கை ஊனமுற்ற தகப்பன் தன் குழந்தையிடம் பாடும் பாட்டு இதன்பாற்படும். உற்றாரை இழத்தல் இழவு. அண்ணன் தங்கை பாசத்தைச் சாவில் கொண்டு முடித்த ‘பாசமலர்’ (1961) இதற்குச் சான்று. பண்டைய நிலை கெட்டு வருந்துவதை உரையாசிரியர்கள் அசைவு என்பர். ஜமீன் வீட்டுப் பிள்ளை குடியால் அழியும் ‘தேவதாஸ்’ (1953) பாடல்கள் அவ்வகையின. உடுமலை நாராயணகவியின் வரிகளைக் கண்டசாலா அதில் பாடினார். அவர் உச்சரிப்பில் தெலுங்குச் சாயல் உண்டு. தள்ளாடும் ஒருவனின் குரலுக்கு அது ஊறு செய்யவில்லை, உயிரூட்டியது.

நான்காவதான வறுமையைப் பொருளின்மை என்று மட்டும் கொள்ளலாகாது. துய்க்கப் பெறாமல் ஏங்கும் பற்றுள்ளம் என்று தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியர் விரிக்கிறார். அதன்படி ஒருதலைக் காதலும் காதல் தோல்வியும் இதில் அடங்கும். டி. ராஜேந்தரின் பாடல்களோடு வந்த ‘ஒரு தலை ராகம்’ (1980) படத்துக்குப் பிறகு தமிழ்ச் சோகப் பாடல்களில் பெரும்பகுதி இந்த வகையாகவே ஆயிற்று.

ராகத்தை வைத்துப் பிரிப்போரும் உளர். முகாரி, சுபபந்துவராளி, சிவரஞ்சனி ஆகியவற்றை அழுகைக்கு உரியனவாகச் சொல்வது வழக்கம். ஆனால் சபரியின் பேற்றை எண்ணி வியக்கும் கிருதியைத் தியாகராஜர் முகாரியில்தான் அமைத்தார். எனவே ராகம் துணைக்காரணமே. சோகத்தை உண்டாக்குவது சொல்லும் குரலும்தான்.

ஒலிநாடாக் கடைகளில் சோகப் பாடல்களுக்கு அருகிலேயே ‘தத்துவப் பாடல்கள்’ என்ற தொகுப்பும் இருந்தது. இரண்டிலும் இடம்பெறத்தக்கது, ‘சுமைதாங்கி’ (1962) படத்தில் கண்ணதாசன் எழுதி பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடிய பாடல். பாட்டெழுத வாய்ப்பில்லாமல் சோர்ந்து, சென்னையை விட்டே புறப்பட இருந்த கவிஞர் வாலிக்கு அந்தப் பாட்டை ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டினார். அதைக் கேட்டதும் புறப்படும் எண்ணத்தைக் கைவிட்டதாக வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். துயரப்பட்டவருக்குத் துயரப் பாட்டையே கொடுப்பது ஏன் பொருந்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி தமிழ்த் திரையுலகில் இல்லை.

வானொலிக் காலம்

சோகப் பாடலைப் பலரோடு பகிரும் வழக்கத்தைத் தமிழருக்குப் பழக்கியது இலங்கை வானொலி. அதன் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாததால், அகில இந்திய வானொலியில் அவை அருகின. 1957 அக்டோபரில் அவ்வானொலியின் விவித் பாரதி சேவை தொடங்கும் வரை திரையிசைக்கு ஏங்கியவர்கள் கொழும்பையே நாடினர். தொடங்கிய பின்னும் பலர் கொழும்பை விடவில்லை.

‘நேயர் விருப்பம்’ நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். ஒரே பாட்டை யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்தும் கேட்டிருப்பார்கள். முகம் அறியாத ஒருவருக்கும் தன் பாட்டே பிடித்திருக்கிறது என்பதைப் பெயர்ப்பட்டியலே தெரிவித்துவிடும்.

இலங்கை வானொலி நிகழ்ச்சிகளுள் ‘இசையும் கதையும்’ தனிச்சிறப்பு உடையது. நேயர் ஒருவர் கதை எழுதி, அதன் திருப்பங்களுக்கு ஏற்ற திரைப்பாடல்களையும் தாமே குறித்து அனுப்புவார். அறிவிப்பாளர் உருக்கமாக வாசிக்க, இடையிடையே பாடல்கள் ஒலிக்கும். காதல் தோல்விக் கதைகளே மிகுதி. சிவாஜிக்கோ ஜெமினிக்கோ அமைந்த பாட்டு, பெயர் கேள்விப்பட்டிராத ஒரு சிற்றூர் இளைஞனின் பாட்டாக அங்கே மாறியது. கேட்பவரை எழுத்தாளராகவும் பாடல் தேர்வாளராகவும் உயர்த்திய நிகழ்ச்சி அது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத் தமிழர் தாம் சென்ற நாடுகளில் நடத்திய வானொலிகளிலும் நேயர் விருப்பம் தொடர்ந்தது. ஊரைப் பிரிந்தவர்கள் கேட்டபோது பழைய காதல் பிரிவுப் பாடல்கள் வேறு பொருள் கொண்டன.

ஒலிநாடாவும் இணையமும்

1980களில் பதிவுக் கடைகள் பெருகின. வெற்று நாடாவோடு கையால் எழுதிய பட்டியலைக் கொடுத்தால், கேட்ட வரிசையில் பாடல்களைப் பதிந்து தருவார்கள். 60 நிமிட நாடாவின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ஏழு பாடல்கள் அடங்கும். எதை முதலில் வைப்பது, எதில் முடிப்பது என்பதில் கேட்பவருக்கு இணையாகக் கடைக்காரரும் அக்கறை காட்டினார். பிரிந்த நண்பருக்கும் காதலிக்கும் கொடுக்கவென்றே பதிந்தவர்கள் உண்டு. உரிமை பெறாத பதிவுகள் என்ற குறை சொல்லப்பட்டாலும், மறக்கப்பட்ட படங்களின் பாடல்களைப் புழக்கத்தில் வைத்திருந்தவை இக்கடைகளே.

2011 நவம்பரில் யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’, காதல் தோல்விப் பாட்டாக இருந்தும் துள்ளலிசையோடு உலகெங்கும் பகிரப்பட்டது. இத்தகைய காதல் தோல்விப் பாட்டுக்குச் ‘சூப் பாடல்’ என்ற பெயரும் அக்காலத்தில் பரவியது. இப்போது பாடல் செயலிகளின் தொகுப்புகளாகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் சிறு துணுக்குகளாகவும் சோகப் பாடல்கள் பகிரப்படுகின்றன.