டிரைவர் சைடு, கிளீனர் சைடு, ஸ்டார்போர்டு

'டைட்டானிக்' படத்தை (1997) முதல் தடவை பாத்தப்பவே ஒரு சந்தேகம். எதிர்ல பனிப்பாறை. அதிகாரி முர்டாக் "ஸ்டார்போர்டு"ன்னு கத்துறார். ஸ்டார்போர்டுன்னா வலது. ஆனா கப்பல் இடது பக்கமா திரும்புது! இவ்ளோ செலவு பண்ணி எடுத்த படத்துல இப்படி ஒரு ஓட்டையான்னு நினைச்சேன். ஓட்டை என் மண்டையிலதான் :-)

முதல்ல அந்தச் சொல். இதுல நட்சத்திரம் எதுவும் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்' என்றால் கப்பலைச் செலுத்துவது, 'போர்டு' என்றால் கப்பலின் பக்கம். அந்தக் காலத்து வட ஐரோப்பியக் கப்பல்களில் சுக்கான் பின்பக்கம் நடுவில் இருக்காது. வலது ஓரத்தில் பெரிய துடுப்பு மாதிரி கட்டியிருப்பாங்க. அந்தப் பக்கம்தான் ஸ்டார்போர்டு. நம்ம லாரிக்காரங்க டிரைவர் சைடு, கிளீனர் சைடுன்னு சொல்றாங்களே, அதே கணக்கு. நீங்க எப்படித் திரும்பி நின்னாலும் கிளீனர் சைடு மாறாது.

துடுப்பு கரையில் இடிக்கக் கூடாதில்லையா? அதனால இடது பக்கத்தைக் கரையோட அணைச்சு நிறுத்தி, சரக்கு ஏத்துவாங்க. அந்தப் பக்கத்துக்குப் பேர் லார்போர்டு. புயல்ல ஒருத்தர் கத்தினா ஸ்டார்போர்டா, லார்போர்டா, யாருக்குத் தெரியும்? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை ஒழிச்சிட்டு 'போர்ட்' என்று ஆக்கியது. 1846-ல் அமெரிக்கக் கடற்படையும்.

சொல் சரியாச்சு, உத்தரவு சரியாகலை. சுக்கானின் கைப்பிடியை வலது பக்கம் தள்ளினா கப்பல் இடது பக்கம் போகும். கைப்பிடி போய் சக்கரம் வந்த பிறகும் பிரிட்டிஷ் கப்பல்களில் உத்தரவு மட்டும் கைப்பிடிக் கணக்குலேயே இருந்தது. 1912 ஏப்ரல் 14 ராத்திரி முர்டாக் சொன்னதும் அதுதான். செத்தவங்க 1,500 பேர் பக்கம்.

சக்கரம் பிடிச்சவர் குழம்பி எதிர்ப்பக்கம் சுத்திட்டார்னு, தப்பிப் பிழைச்ச அதிகாரி லைட்டாலரோட பேத்தி லூயிஸ் பாட்டன் 2010-ல் சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. சக்கரம் பிடிச்ச ஹிச்சன்ஸ், மோதுறதுக்கு முன்னாடியே கப்பல் இடப்பக்கம் திரும்ப ஆரம்பிச்சதா விசாரணையில் சொல்லியிருக்கார். பாறை உரசியதும் வலப்பக்கம்தான். பாவம், ஒரு மாலுமி தலையில் எல்லாத்தையும் கட்டுறது சுலபம்.

1929-ல் லண்டனில் நடந்த கடல் பாதுகாப்பு மாநாட்டில்தான் முடிவு கட்டினாங்க: ஸ்டார்போர்டுன்னு சொன்னா சக்கரம், சுக்கான், கப்பல் முகப்பு மூணும் வலது பக்கம் போகணும். நடைமுறைக்கு வர 1930கள் ஆயிடுச்சு.

போன வாரம் அந்தக் காட்சியை மறுபடி பாத்தேன். முர்டாக் சரியாத்தான் கத்துறார்.